குழந்தை உறங்கும்போதும் எனக்கு உறக்கம் வருவதில்லை

கேள்வி: களுவாஞ்சிகுடித் தாய் (இலங்கை, 2021 செப்டெம்பர்)

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து 5 வாரங்களாகின்றன. ஓகஸ்ட் 20 முதல் கொரோனா ஊரடங்கு நீடிப்பதால், அக்கரைப்பற்றிலுள்ள அம்மாவால் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி ஆக்கித்தரக்கூட வரமுடியவில்லை. பிள்ளை நன்றாகப் பால் குடித்து உறங்குகிறது. நானோ மூச்சு வருகிறதா என்று இரவு முழுவதும் அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். கடைக்குப் போய்வரும் கணவரை, அவர் குளித்த பின்பும் பிள்ளையைத் தூக்க நான் விடுவதில்லை. கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடித்துவிட்டது. இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் போவதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. "எல்லோருக்கும் இப்படித்தான்" என்கிறார் மாமி. உண்மையா?

பதில்: கல்முனை அக்கா

தங்கச்சி, சென்ற நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி (சந்தையிலிருந்து பரவிய கொரோனாத் தொற்றுகள்) வெளிப்பட்டபோது என் மகனுக்கு 20 நாள். ஒவ்வொரு இரவும் மரண எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். கணவர் கைத்தொலைபேசியை வாங்கி வைத்ததும் பயம் பாதி குறைந்தது. மீதிக்கு வைத்தியரிடம்தான் போகவேண்டியிருந்தது.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், ஆரையம்பதி

மகள், பிரசவித்த சில நாட்களில் வரும் அழுகையும் கலக்கமும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். ஐந்தாம் வாரத்திலும் உறக்கத்தைக் கெடுக்கும் பயத்தை அப்படி விட்டுவிட முடியாது. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை அறிய எடின்பரோ வினாக்கொத்து என்று ஒன்றுண்டு: கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 வினாக்கள், தமிழிலும் இருக்கிறது. காரணமில்லாத பயத்தையும் பதற்றத்தையும் அது நேரடியாகவே கேட்கிறது. உங்கள் பகுதி மிஸ்ஸிடம் (வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம்) கேளுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். மாமியார் அருகில் இருந்தால் எந்த மருமகளும் "நல்லம் மிஸ்" என்றே சொல்வாள் என்பதால், நான் தண்ணீர் கேட்டு மாமியாரைக் குசினிக்கு அனுப்பிவிட்டுத்தான் விசாரிப்பேன்.

பிரசவத்துக்குப் பிந்திய தைரொயிட் கோளாறும் படபடப்பைத் தரும் என்பதால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை எழுதக்கூடும். மருந்து தேவைப்பட்டால், பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடியவை உள்ளன. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், கைக்குழந்தைக்குக் குக்கல் (கக்குவான் இருமல்) மிக ஆபத்தானது. தாய்க்கே கொரோனா தொற்றினாலும், முகக்கவசமணிந்து கை கழுவிப் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

நாட்கணக்கில் உறக்கமே இல்லாமற்போனாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தாலோ, ஊரடங்கைப் பாராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அம்புலன்சுக்கு 1990, மனநல உதவிக்கு 1926.

களுவாஞ்சிகுடித் தாய்:

சென்ற கிழமை மிஸ் வாசலில் நின்று விசாரித்தபோது நானும் "நல்லம்" என்றுதான் சொன்னேன்; மாமி பக்கத்தில் நின்றார். இன்று காலை அழைத்து உள்ளதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறாராம்.