அம்மாவிடம் எப்படிப் பேசுவது? வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கருவிலேயே என்னைக் கலைக்க முயன்றார்கள். அது பலிக்காமல் நான் பிறந்தேன். இதை 19 வயதில் சித்தி சொல்லித்தான் அறிந்தேன். பிறந்தது முதல் என் இடது கால் இழுக்கும். இதுதான் காரணமா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 'நான் வேண்டாதவள்' என்ற எண்ணம் இரண்டு ஆண்டுகள் என்னை அரித்தது.

அப்போதுதான் ஜியானா ஜெஸ்ஸனைப் பற்றிப் படித்தேன். 1977-இல், உப்புக் கரைசல் செலுத்திச் செய்த கருக்கலைப்பில் உயிருடன் பிறந்தவர், பெருமூளை வாதத்தோடு நடக்கக் கற்றவர், தாயை மன்னித்தவர். பிறகு பைபிளின் 139-ஆம் சங்கீதம். தாயின் கருவிலேயே கடவுள் நம்மை அறிந்திருக்கிறார் என்பதைப் படித்த இரவு வெகுநேரம் அழுதேன். அன்றிலிருந்து ஜெபம்தான் என்னைத் தாங்குகிறது. மனநல ஆலோசகரிடமும் போகிறேன். எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

எனக்கு விஷயம் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நான் படியேறும்போதெல்லாம் விரல்களைப் பிசைந்தபடி வேறு பக்கம் பார்ப்பார். துணைக்கு யாருமின்றி, பயந்துபோய் எடுத்த முடிவு அது என்று இப்போது புரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லத் துடிக்கிறேன். சொன்னால் உடைந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

இப்படிப் பேசிய பிள்ளைகளோ, கேட்ட தாய்மார்களோ இங்கே இருந்தால் சொல்லுங்கள்: முதல் வாக்கியம் என்னவாக இருந்தது? தனியாகப் பேசினீர்களா, ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டா? தயக்கமாக இருந்தால் தனிச்செய்தியில் எழுதலாம். அம்மாவைக் குறைகூறும் பதில்கள் மட்டும் வேண்டாம்.