வீட்டிலிருந்தே பாதி நாள் வேலை, ஒத்துக்கொள்ளலாமா?

உச்சிப்புளி:
வணக்கம். ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். பையன் எல்கேஜி, மாமியாருக்கு மூட்டுவலி, காலையில் பஸ்ஸைப் பிடிப்பதே பெரும்பாடு. வேலையை விடுகிறேன் என்று சொன்னதும், ஆடிட்டர், விடாதேம்மா, வீட்டிலிருந்தே தினம் நாலு மணி நேரம் பார், பாதிச் சம்பளம் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரர் மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. பாதிச் சம்பளம் தாங்குமா? வீட்டிலிருந்து பார்ப்பதில் வேறு என்ன தொல்லை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை லாத்தா:
தங்கச்சி, நானும் இதே வேலைதான், இதே பாதி நேரம்தான். தினம் நாலு மணி நேரம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீங்க. நம்ம வேலை மாதம் முழுக்க ஒரே சீராகவா வருது? 11ஆம் தேதி விற்பனைக் கணக்கு காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன். கடைக்காரர் பத்தாம் தேதி ராத்திரிதான் கசங்கின பில்லையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கொட்டுவார், அதில் பாதிக்கு ஜிஎஸ்டி நம்பரே தெரியாது, ஒவ்வொன்றாகப் பெரிதுபண்ணிப் பார்த்து, மறுபடி போன் போட்டுக் கேட்டு, பிள்ளை தூங்கின பிறகும் உட்கார வேண்டியிருக்கும். ஆபீஸ் என்றால் ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிடலாம். அதனால் மாதத்துக்கு நூறு மணி நேரம், அதுக்கு மேல் போனால் தனிக்காசு, 20ஆம் தேதி தாண்டினால் நேரத்தைக் குறைத்துக்கொள்வேன் என்று பேசுங்க. அப்புறம், "வீட்டில்தானே இருக்கே" என்று சிலிண்டர் வாங்கி வைப்பதிலிருந்து விருந்தாளிக்கு டீ போடுவதுவரை எல்லாம் நம்ம தலையில்தான் விழும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை கட்டாயம் வேணும்.

இதெல்லாம் இருந்தாலும் வேலையை அடியோடு விடாதீங்க. ஜிஎஸ்டியில் மாதத்துக்கொரு மாற்றம் வருது, மூணு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் முதலிலிருந்து படிக்கணும்.

பாம்பன்காரன்:
அக்கா, கரண்டைப் பற்றியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியப் பராமரிப்பு என்றால் பகல் முழுக்க இருக்காது, ஐப்பசி கார்த்திகையில் காற்று மழைக்கு எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. ரூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ், வேறு கம்பெனி சிம் ஒன்று, இரண்டும் வேண்டும். உப்புக்காற்றில் என் லேப்டாப் சார்ஜர் முனை பச்சை பூத்துப்போனது, ரிப்பேர் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அண்ணன் கரையில்தானே இருப்பார், பையனை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு மாதம் மட்டும் முழுநேரம் ஆபீஸ் வருகிறேன், முழுச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.

தொண்டி:
முழுக்க வீட்டிலேயே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிபார்ட்மென்ட் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதெல்லாம் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் வரும், வீட்டில் இருப்பவருக்கு பில் ஏற்றுகிற வேலை மட்டும்தான் அனுப்புவார்கள். வாரம் இரண்டு நாளாவது ஆபீஸ் போங்கள் சகோதரி. பாதிச் சம்பளத்துக்கு பிஎஃப் கட்டுவார்களா, இல்லை சம்பளம் என்பதை மாற்றி ஃபீஸ் என்று எழுதி 10 சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடிப்பார்களா, அதையும் கேளுங்கள். பேசியதையெல்லாம் மெயிலில் வாங்கிக்கொண்டு, அப்புறம் சரி சொல்லுங்கள்.