18-55 லென்ஸில் எரர் 01: மட்டக்களப்புப் பக்கம் யார் திருத்துவார்?

வணக்கம். மட்டக்களப்பில் பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஒளிப்பட அடிப்படைப் பாடம் எடுக்கிறேன். 26 பேருக்கு இரண்டே கமரா, இரண்டும் கெனன் 1300டி. மற்றவர்களிடம் கைபேசிதான், அதில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை, கூட்டிக் குறைக்க வழியில்லை.

போன கிழமை, சரியாக அப்பர்ச்சர் பாடத்தன்று, ஒரு லென்ஸ் காலை வாரிவிட்டது. 18 மிமீயில் எஃப் 3.5 வைத்தால் படம் விழுகிறது. எஃப் 5.6, 8 என்று துவாரத்தைச் சிறிதாக்கினால் உடனே எரர் 01, அதாவது கமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பில் பிழை என்ற செய்தி. ஃபோகஸில் பிழையில்லை.

தொடுமுனைகளை அழிறப்பரால் துடைத்தேன், பற்றரி மாற்றினேன். மற்றக் கமராவில் போட்டாலும் அதே எரர். அதன் லென்ஸ் இதில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆக, பழுது லென்ஸில்தான். உள்ளே அப்பர்ச்சருக்குப் போகும் ரிப்பன் வயர் அறுந்திருக்கும் என்பது என் ஊகம். கேட்ட ஒரே கடையில், "கொழும்புக்கு அனுப்புங்கோ, ஒரு மாதமாகும்" என்றார்கள்.

வாற சனி கல்லடியில் களப்பயிற்சி. 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களை முன்னிருந்து கடைசிவரை தெளிவாக எடுக்க எஃப் 11 என்ற சிறிய துவாரம் வேண்டும். அதைத்தான் இது தரமாட்டேன் என்கிறது.

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இந்த ரிப்பனைச் சனிக்கு முன் மாற்றித் தரக்கூடியவர் யாராவது இருக்கிறாரா?