‘ஹாலோவீன்’ 3 லட்சம் டாலரில்: ஜான் கார்பென்டர் காசை எங்கே வைத்தார்?

இரவுக்காட்சி:
ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) 3 லட்சம் டாலர் சொச்சத்தில், ஏறக்குறைய 20 நாள் ஷூட்டிங்கில் முடிந்த படம். ஆனால் திரையில் அந்தக் காசுத் தட்டுப்பாடு தெரியவே இல்லை. சிக்கனமாக எடுத்தார் என்று பொதுவாகச் சொன்னால் எனக்குப் போதாது. எந்தச் செலவில் கை வைத்தார், எதில் வைக்கவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முழுநீள திகில் படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறோம், அதற்கு உதவும். இன்னொரு கேள்வி: இவ்வளவு தெரிந்தவர் ‘தி திங்’ மாதிரி பெரிய படம் செய்த பிறகு ஏன் திரும்பவும் சின்ன பட்ஜெட்டுக்கே வந்தார்?

ஃபோகஸ்புல்லர்:
லென்ஸில் அவர் கை வைக்கவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் படம் ‘டார்க் ஸ்டார்’ (1974) யுஎஸ்சி-யில் (தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம்) மாணவர் படமாக 16 எம்எம்மில் தொடங்கி, பிறகு நீட்டி 35 எம்எம்முக்குப் பெரிதாக்கி ப்ளோ-அப் செய்தது. செலவு 60 ஆயிரம் டாலர். வேற்றுக்கிரக ஜந்து என்று ஒரு பீச் பந்துக்குக் கால் வைத்து விட்டார்கள். படம் நகைச்சுவை என்பதால் ஒப்பியது. அடுத்த ‘அசால்ட் ஆன் ப்ரீசிங்க்ட் 13’ (1976) வெறும் 1 லட்சம் டாலர். அதிலேயே 35 எம்எம் பானாவிஷன் ஸ்கோப்புக்கு, அதாவது அகலத்திரைக்கு, வந்துவிட்டார். எடிட்டிங்கும் அவரே, வேறு பெயரில்.

ஹாலோவீனிலும் ஸ்கோப்தான். பந்தா காட்டுவதற்கு இல்லை. உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலத்தில் ஆளை ஒரு ஓரத்தில் நிறுத்தினால் மறு ஓரம் முழுக்கக் காலி. பார்ப்பவர் கண் தானாகவே அந்தக் காலி இடத்தைத் துழாவும். செட் போடாமல், கிராஃபிக்ஸ் இல்லாமல் பயம் அங்கிருந்து வருகிறது. கடைசிப் பகுதியில் கதாநாயகி லாரி ஸ்ட்ரோட் கதவோரம் சாய்ந்து அழும் ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பின்னால் கறுப்பு வாசல், ஒன்றுமே இல்லை. பிறகு அந்த இருட்டுக்குள் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் வெள்ளை முகமூடி மெல்லத் தெளிகிறது. ஆள் அங்கேயேதான் நிற்கிறார். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி முகமூடி மேல் ஒரு சின்ன விளக்கு வைத்து டிம்மரில் மெதுவாக ஏற்றினார், அவ்வளவுதான். இதை நீங்கள் செய்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். விளக்கொளி பின்சுவரில் சிந்தினால் எஃபெக்ட் காலி. டிம்மரைச் சட்டென்று ஏற்றினால் யாரோ ஸ்விட்ச் போட்டதுபோல் ஆகிவிடும்.

இனி கை வைத்த இடங்கள். முகமூடி கடையில் வாங்கியது, 2 டாலருக்கும் குறைவு. வில்லியம் ஷாட்னர் முகத்தில் செய்த கேப்டன் கிர்க் முகமூடி அது. ஆர்ட் வேலையும் எடிட்டிங்கும் பார்த்த டாமி லீ வாலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் எடுத்துவிட்டு, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்தார். முகமூடிக்குள் இருந்த நிக் காஸலுக்கு நாளைக்கு 25 டாலர். கதாநாயகி ஜேமி லீ கர்ட்டிஸுக்கு 8 ஆயிரம். பெயருள்ள நடிகர் ஒருவர்தான், டொனால்ட் ப்ளெசன்ஸ்: 5 நாள் கால்ஷீட், 20 ஆயிரம் டாலர். அவர் காட்சிகள் படம் முழுக்கப் பரவிக் கிடப்பதால் 5 நாள் என்று யாருக்கும் தோன்றாது. உங்கள் திரைக்கதையிலும் விலை கூடின நடிகரை மற்றவர்களோடு பின்னாமல் தனித் தடத்தில் எழுதினால்தான் இப்படிப் பிரித்து எடுக்க முடியும்.

கதை இலையுதிர்கால அக்டோபரில், இல்லினாய் மாநிலத்தில் நடக்கிறது. எடுத்தது வசந்தகாலத்தில், கலிஃபோர்னியாவின் தெற்கு பாசடீனாவிலும் ஹாலிவுட்டிலும். உதிர்ந்த இலைக்கு பெயின்ட் அடித்து, ஷாட் முடிந்ததும் அள்ளி மூட்டை கட்டி அடுத்த தெருவில் கொட்டினார்கள். ஃப்ரேமின் ஓரத்தில் பனைவகை மரங்கள் தெரியத்தான் செய்கின்றன. அதில் மெனக்கெடவில்லை.

மையர்ஸ் வீடு நிஜமாகவே பாழடைந்த வீடு. பாழடைந்த காட்சிகளை முதலில் எடுத்து முடித்து, கடைசியில் கேமரா பார்க்கும் இடங்களுக்கு மட்டும் பெயின்ட் அடித்துச் சாமான் போட்டு, 1963-ல் நடக்கும் ஆரம்பக் காட்சியை பானாக்ளைடில் (நடந்தபடியே ஆடாமல் எடுக்க உதவும் கேமரா சாதனம்) எடுத்தார்கள். ஒரே ஷாட்போல் ஓடினாலும், பையன் முகமூடி மாட்டும் இடத்தில் வெட்டு மறைந்திருக்கிறது. அதில் தெரியும் சிறுவனின் கை தயாரிப்பாளர், இணை எழுத்தாளர் டெப்ரா ஹில்லுடையது.

தனியாவர்த்தனம்:
இசையை விட்டுவிட்டீர்களே! இயக்கம், எழுத்து, இசை மூன்றுக்கும் சேர்த்து அவருக்கு 10 ஆயிரம் டாலரும் லாபத்தில் 10 சதவீதமும். தனியாக ஒரு இசையமைப்பாளர், ஆர்கெஸ்ட்ரா என்று போயிருந்தால் பட்ஜெட் தாங்கியிருக்காது.

அப்பா ஹோவர்ட் கார்பென்டர், கென்டக்கியின் பௌலிங் க்ரீனில் இசைப் பேராசிரியர். சின்ன வயதில் பாங்கோவில் 5/4 தாளம் (சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை) சொல்லிக்கொடுத்தது அவர். தீம் இசை அதுதான். பியானோவின் ஒரு சுற்றில் எண்ணிக்கைக்கு இரண்டாகப் பத்து அடி விழுகிறது: தகிட தகிட தக தக. சில சுற்று ஓடியதும் அதே உருவம் அரை ஸ்வரம் கீழே இறங்கும். நாலு நாலாக எண்ணிப் பழகின காது எங்கே சமம் என்று தேடிக்கொண்டே இருக்கும், கிடைக்காது. வாசிக்கக் கஷ்டமே இல்லை, அவருக்கும் அது தெரியும். அவர் பலம் எளிமையான உருவத்தை விடாமல் ஓட்டுவதில் இருக்கிறது.

ஏறக்குறைய மூன்று நாளில் முடித்தார். காட்சியைத் திரையில் ஓட்டிப் பார்த்து வாசித்ததில்லை; சிறு துண்டுகளாகப் பதிவு செய்து வைத்து, பிறகு எடிட்டிங்கில் இடம் பார்த்துப் பொருத்தினார்கள். டான் வைமன் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். டைட்டிலில் ‘பௌலிங் க்ரீன் பில்ஹார்மானிக்’ என்று வரும், அப்படி ஒரு ஆர்கெஸ்ட்ரா கிடையாது. இசை சேர்ப்பதற்கு முன் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் பயமே வரவில்லையாம். அதனால் இசை இல்லாத ரஃப் கட் (முதற்கட்டத் தொகுப்பு) ஒன்றைப் போட்டுக் காட்டி யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள்.

இரவுக்காட்சி:
அருமை, இருவருக்கும் நன்றி. ‘விலை கூடின நடிகர் தனித் தடத்தில்’ என்பதை இப்போதே திரைக்கதையில் சரிபார்க்கிறேன். ‘தி திங்’ பற்றி யாராவது சொல்லுங்கள்.

பழையரீல்:
1982 ஜூன் 25-ல் வந்தது. இரண்டு வாரம் முன்னால்தான் ‘ஈ.டி.’ வந்து ஊரே அந்தச் செல்லமான ஜந்துவைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. அதே 25-ம் தேதிதான் ‘ப்ளேட் ரன்னர்’ வேறு. 15 மில்லியன் டாலர் யுனிவர்சல் படம், அமெரிக்க வசூல் 20 மில்லியனைத் தொடவில்லை. அதில் தியேட்டர் பங்கு போக மிஞ்சுவது என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விமர்சகர்கள் அருவருப்பு என்றார்கள். எனியோ மோரிகோனேயின் இசையைக்கூட மோசமான இசைக்கான ராஸி என்ற கேலி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். இந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

‘தி திங்’ படத்தின் வேற்றுக்கிரக ஜந்துக்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. ஒரு வருஷத்துக்கு மேல் ஓய்வில்லாமல் உழைத்து ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலைக்கு வந்தார். நாய்க்கூண்டு ஜந்துவை ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். மார்பு பிளந்து டாக்டரின் கைகளைக் கடிக்கும் காட்சியில், இரு கையும் இழந்த ஒருவருக்கு மெழுகு எலும்பு, ரப்பர் நரம்பு, ஜெல்லி வைத்த செயற்கைக் கைகளை மாட்டினார்கள். அதே உடலின் தலை பிய்ந்து வரும் ஷாட்டில், உருகும் பிளாஸ்டிக்கிலிருந்து எழுந்த ஆவி செட்டுக்குள் தேங்கி நின்றது. லென்ஸ் முன்னால் தீ வைத்ததும் குப்பென்று பிடித்துவிட்டது. நல்லவேளை, பொம்மைக்குப் பெரிய சேதமில்லை. ரசாயனம் வைத்துச் செய்யும் எந்த எஃபெக்ட்டிலும் காற்றோட்டம் பார்க்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

படம் விழுந்ததும் கையில் இருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ படத்தை இயக்கும் வாய்ப்பு போனது. ‘கிறிஸ்டின்’ (1983), ‘ஸ்டார்மேன்’ (1984) செய்து மீண்டார். ‘பிக் ட்ரபுள் இன் லிட்டில் சைனா’ (1986) 25 மில்லியனில் எடுத்து மறுபடி சறுக்கியது. அப்போதுதான் அலைவ் ஃபிலிம்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம்: படத்துக்கு 3 மில்லியன் அளவில் பணம், படைப்பு முடிவெல்லாம் இவர் கையில். ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ (1987), ‘தே லிவ்’ (1988) இரண்டும் அப்படி வந்தவை. இதை இறக்கம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளம்பரப் பலகைகளில் ‘கீழ்ப்படி’ என்று எழுதி வைத்திருக்கும் ‘தே லிவ்’ மாதிரி ஒரு படத்தை, ரீகன் காலத்து அமெரிக்காவில், 25 மில்லியன் கொடுக்கும் ஸ்டூடியோ எடுக்க விட்டிருக்காது. தெரிந்தே செய்த பேரம் அது.

கட்டிங்மேஜை:
ஒன்று சேர்க்கிறேன், இரவுக்காட்சிக்கு இதுதான் அவசரமாகத் தேவைப்படும். ‘தி ஃபாக்’ (1980) முதல் கட் வடிவத்தைப் பார்த்துவிட்டு கார்பென்டருக்கே பிடிக்கவில்லை. பயமும் இல்லை, தெளிவும் இல்லை. திரும்பப் போய்ப் புதுக் காட்சிகள் எடுத்தார், இசையையும் மாற்றினார். கடற்கரையில் தீ மூட்டி ஜான் ஹௌஸ்மன் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆரம்பம் அப்படிச் சேர்ந்ததுதான். ஒரே லொகேஷன், ஒரு கிழவர், சில பிள்ளைகள், ஒரு தீ. ஊரின் பழைய பாவம் முழுக்க அதில் வந்துவிடுகிறது.

எனவே ஷெட்யூல் போடும்போதே, முதல் கட் முடிந்த பிறகு எடுக்க மூன்று நாலு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். அந்தப் பணத்தை வேறெதற்கும் தொடாதீர்கள். முக்கிய நடிகர்களிடம் அதுவரை முடியையும் தாடியையும் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். காஸ்ட்யூமை வாடகைக்கு எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.