பேக்லிங்க்குக்குத் தமிழ்: பின்னிணைப்பு வேண்டாமே

மதுரையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். குடும்ப வரலாற்றைக் கணினியில் சேர்த்துவைப்பது எப்படி என்று எங்கள் சொந்தக்காரர்களுக்காக ஒரு சின்னக் கையேடு எழுதுகிறேன். ஆப்சிடியன் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். எல்லாமே நம் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். ஆளுக்கு ஒரு குறிப்பு, ஆவணத்துக்கு ஒரு குறிப்பு. பத்திரத்தைப் பற்றி எழுதும்போது ஒருவர் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது அவருடைய குறிப்புக்கு இணைப்பாகிவிடும். அவருடைய குறிப்பைத் திறந்தால், எந்தெந்தப் பத்திரத்திலிருந்து அவருக்கு இணைப்பு வந்திருக்கிறது என்ற பட்டியல் தானாகவே பக்கத்தில் நிற்கும். அந்தப் பட்டியலில் இருப்பதுதான் பேக்லிங்க். இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

கோவையிலிருந்து:

பின்னிணைப்பு. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிடிக்காவிட்டால் எதிரிணைப்பு என்று வையுங்கள்.

மதுரையிலிருந்து:

பின்னிணைப்பு என்ற வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். புத்தகத்தின் கடைசியில் அட்டவணையும் படமும் சேர்க்கும் பகுதிக்கு அதுதான் பெயர். குடும்ப வரலாற்றை அச்சிட்டால் வம்சாவளிப் படத்தைப் பின்னிணைப்பில்தான் போடுவோம். ஒரே கையேட்டில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். எதிரிணைப்பு என்றால் ஏதோ வழக்கில் எதிர்த்தரப்பு மாதிரி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதே வேலையைச் செய்யும் பட்டியலுக்கு ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்று பெயர். பட்டியலின் தலைப்பாக அது அருமை. ஆனால் பேச்சில் எடுத்துப் பயன்படுத்த முடியாது. ‘அந்தப் பாட்டிக்கு நாலு இப்பக்கத்தை இணைத்தவை இருக்கின்றன’ என்று யார் சொல்வார்கள்?

இந்தச் சொல்லுக்கு ஏன் இத்தனை மெனக்கெடுகிறேன் என்று கேட்கலாம். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பழைய பெட்டியில் ஒரு கடன் சீட்டு கிடைத்தது. தேதி ‘பவ வருஷம் மாசி மாதம்’, அவ்வளவுதான். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை பவ வந்துவிடும். ஆகவே அது 1875ஆகவும் இருக்கலாம், 1935ஆகவும் இருக்கலாம். கையெழுத்தை வைத்துப் பிடிக்கலாம் என்றால் அங்கேயும் முட்டுச்சந்து. எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயரன்தானே பேரன்! ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்கு அதே பெயர், அதே ஊர். போட்டது தாத்தாவா, பேரனா?

சீட்டைப் பற்றிய குறிப்பில் இருவர் பெயருக்கும் இணைப்புக் கொடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அப்புறம் ஒருநாள் தாத்தாவின் குறிப்பைத் திறந்தபோது, சீட்டுக்குக் கீழேயே 1921ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் நின்றது. அதில் அவர் ‘காலஞ்சென்ற’. பேரனின் குறிப்பில் பள்ளிச் சான்றிதழ் நின்றது. பிறந்தது 1928. 1935இல் தாத்தா உயிரோடு இல்லை, பேரனுக்கு ஏழு வயதுக்கு மேல் இருக்காது. ஏழு வயதுப் பையனை நம்பி யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆக, 1875. இரண்டு வருஷத்துக்கு முன்பு வேறு வேறு நாளில் எழுதிவைத்த குறிப்புகள் அவை. நானாகத் தேடவில்லை, அவையாக வந்து நின்றன.

அத்தைக்கு இதை விளக்க மொய் நோட்டைத்தான் உதாரணமாகச் சொன்னேன். நாம் எழுதிய மொய் அடுத்தவர் வீட்டு நோட்டில் இருக்கும். நம் வீட்டு நோட்டில் இருப்பது, நமக்கு யார் யார் எழுதினார்கள் என்பது. ‘அப்போ வந்த மொய்னு சொல்லேன்’ என்றார். அந்த ‘வந்த’தான் எனக்கு வழி காட்டியது.

திருக்குறளில் செல்விருந்து, வருவிருந்து என்று ஓர் இணை உண்டு. விடைபெற்றுப் போகும் விருந்தினர் ஒருவர், வரும் விருந்தினர் ஒருவர். ஆப்சிடியனிலும் இரண்டு பட்டியல்கள். இந்தக் குறிப்பிலிருந்து வெளியே போகும் இணைப்புகள் ஒன்று, இதற்கு வரும் இணைப்புகள் ஒன்று. அதனால் செல்தொடுப்பு, வருதொடுப்பு என்று வைக்கலாமா? இணைப்பு என்றே வைத்தால் வருவிணைப்பு ஆகும். அதைப் படிப்பவர் ‘வினை’யைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைப்பார்.

கோவையிலிருந்து:

வருவிருந்து என்பது இனிமேல் வரப்போகிற விருந்து. ‘பார்த்திருப்பான்’ என்றல்லவா குறள் போகிறது? உங்கள் பேக்லிங்க் ஏற்கெனவே வந்துவிட்டது. பொருள் இடிக்கவில்லையா?

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் ‘அவருக்கு ஒரு தொடுப்பு இருந்தது’ என்றால் அர்த்தமே வேறு. குடும்ப வரலாற்றுக் கையேட்டில் ‘தாத்தாவுக்குப் பதினோரு வருதொடுப்புகள்’ என்று எழுதிவிட்டு நீங்கள் ஊருக்குள் நடமாட முடியுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

கோவை அன்பரின் கடைசி வரியை வாசித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தேன். முதல் கேள்விக்கு விடை இலக்கணத்திலேயே உண்டு. வருதொடுப்பு வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்பது நன்னூல். வந்த தொடுப்பு, வருகின்ற தொடுப்பு, வரும் தொடுப்பு, மூன்றும் அதற்குள் அடக்கம். பட்டியலும் அப்படித்தானே? நாளைக்கு ஒரு பத்திரம் கிடைத்தால் அதுவும் வந்து சேரும்.

தொடுப்பைப் பற்றி: இணையத்தில் தொடுப்பு என்று பலரும் எழுதியே வருகிறார்கள், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. மாற்றாகச் சுட்டி என்று வைத்தால் அது மவுஸா, லிங்கா என்ற பழைய சண்டை திரும்பவும் கிளம்பும். அதற்கு இதுவே மேல்.

பினாங்கிலிருந்து:

எனக்கு இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். அதே பட்டியலின் அடியில், அடைப்புக்குறி போடாமல் பெயர் மட்டும் வந்த இடங்களையும் ஆப்சிடியன் காட்டுகிறதல்லவா? அதற்கு என்ன பெயர்?

எனக்கு அதுதான் அதிகம் உதவுகிறது. தமிழில் மட்டும் பாதி வேலைதான் செய்கிறது. கந்தன் என்ற பெயருக்கு ‘கந்தன்’ வந்த இடங்கள் கிடைக்கின்றன. ‘கந்தனை’, ‘கந்தனுக்கு’ கிடைப்பதில்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசிப் புள்ளி போய்விடுகிறது, கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை. இங்கே பழைய தாள்களில் அதே பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக வேறு இருக்கும். அவற்றையெல்லாம் அந்த ஆளின் குறிப்பிலேயே மாற்றுப்பெயர்களாகக் கொடுத்து வைக்கிறேன். உருபு ஏறிய வடிவங்களையும் அப்படியே சேர்த்துவிட்டேன். அலுப்பான வேலை, ஆனால் பலன் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உதிரி என்று வையுங்கள். பூக்கடையில் தொடுத்த பூ ஒரு பக்கம், உதிரிப் பூ ஒரு பக்கம். பெயர் இருக்கிறது, இன்னும் சரத்தில் ஏறவில்லை. உதிரிப் பெயர்.

கோவையிலிருந்து:

பூத்தொடுப்பு என்று இதைப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு! இப்போது மூன்றும் ஒரே சரத்தில் வந்துவிட்டன. என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். செல்தொடுப்பைப் பார்த்துவிட்டு செல்போன் சமாச்சாரமா என்று நாலு பேர் கேட்பார்கள், அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

மதுரையிலிருந்து:

செல்தொடுப்பு, வருதொடுப்பு, உதிரிப் பெயர். மூன்றையும் கையேட்டில் ஏற்றிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு மல்லிகைச் சரம் வரைந்து வைத்திருக்கிறேன், கோவை அன்பருக்காக. அத்தையிடமும் காட்டினேன். ‘தாத்தாவுக்குப் பதினோரு தொடுப்பா?’ என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ‘இருக்கும், இருக்கும்’ என்றார். அது என்ன விஷயம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.