ஊழல் தடுப்பு ஆலோசகர் பணி: கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

தோபாயோ கணக்காளர்:
வணக்கம். சிங்கப்பூரில் 26 ஆண்டுகள் உள்தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெற்காசிய நாடு ஒன்றில் (பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்) தேசிய ஊழல் தடுப்புத் திட்டத்தைச் செயல்படுத்த உதவும் ஆலோசகரை ஆறு மாதத்துக்கு நியமிக்கவிருக்கிறார்கள், விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். என் சிங்கப்பூர் அனுபவம் அங்கே எடுபடுமா என்பது முதல் ஐயம். அறிக்கைகள் ஒவ்வொன்றும் ஏற்கப்பட்ட பிறகே கட்டணம் என்று பணி வரையறை சொல்வது அடுத்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தேர்வுக் குழுவில் தமக்கு ஆள் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், கட்டணத்தில் பத்து விழுக்காடு கொடுத்தால் காரியம் முடியும் என்கிறார். ஊழலை ஒழிக்கும் வேலைக்கே தரகா என்று சிரிப்புத்தான் வந்தது.

ஈசூன்வாசி:
ஐயா, கடைசியில் சொன்னதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்வுக் குழுவில் இருப்பவரைச் சரிக்கட்டப் போகும் பணம் தரகு ஆகாது, கையூட்டுதான். வெளிநாட்டில் நடப்பதுதானே என்று இருந்துவிடவும் முடியாது. நமது லஞ்ச ஊழல் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் செய்யும் ஊழல் குற்றம் இங்கே செய்யப்பட்டதாகவே கருதப்படும். 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பணம் கைமாற வேண்டும் என்பதுகூட இல்லை, கொடுக்கச் சம்மதித்தாலே குற்றம்.

அனுபவம் எடுபடும், ஆனால் சிங்கப்பூர் முறையை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு போனால் எடுபடாது. 1951இல் நடந்த அபின் கொள்ளையில் காவல்துறைத் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருக்க, காவல்துறைக்குள் இருந்த ஊழல் தடுப்புக் கிளையை நம்பிப் பயனில்லை என்பது தெளிவாகி, மறு ஆண்டு லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனியாக உருவாக்கப்பட்டது. தன் இலாகாவைத் தானே விசாரிப்பதில் உள்ள குறை எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பிரிவைப் போலப் பிரதமரின்கீழ் இயங்கும் அமைப்பு என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. இங்கேயே 1991இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, பிரதமர் இசையாவிட்டாலும் அதிபரின் ஒப்புதலோடு பிரிவின் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம் என்று வகை செய்ய வேண்டியிருந்தது. இலங்கை 1994இல் தனி ஆணைக்குழு என்ற வழியில் சென்று, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்கியது. ஆகவே அமைப்பை மாற்றச் சொல்வதைவிட, புகார் யார் மேசைக்கு வருகிறது, எத்தனை நாளில் பதிவாகிறது, கைவிடப்பட்டால் காரணத்தை எழுதி வைக்கிறார்களா என்று துருவுங்கள். தணிக்கையாளரின் கண்ணுக்குத்தான் அவை தெரியும்.

தெம்பனிஸ் வழக்குரைஞர்:
அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு கட்டணம் என்பது இத்தகைய பணிகளில் வழக்கம்தான். ஏற்பவர் யார் என்பதையே நான் பார்ப்பேன். கொள்முதலில் குறை இருப்பதாக நீங்கள் எழுதும் அமைச்சே உங்கள் அறிக்கைக்கு ஒப்புதல் தர வேண்டுமென்றால், குறையை மென்மையாக்கினால்தான் தவணை வரும் என்ற நிலை உருவாகும். எத்தனை நேர்மையானவரையும் அது மெல்ல அரிக்கும். அமைச்சு அல்லாமல், இந்தப் பணிக்கு நிதி வழங்கும் அமைப்பே அறிக்கையை ஏற்கும் அதிகாரியாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்களுக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எந்தெந்த ஆவணங்களைப் பார்க்க அனுமதி உண்டு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மறுத்தால், ஐநா ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 6ஆம், 36ஆம் விதிகளைக் காட்டலாம். ஊழல் தடுப்பு அமைப்புகளுக்குத் தேவையான சுதந்திரம் இருக்க வேண்டும் என்பதை அவை கேட்கின்றன. நாடு அதில் கையொப்பமிட்டிருந்தால், ஆவணத்தை மறைத்துவைத்துக்கொண்டு ஆலோசனை கேட்பதற்கு அவர்களே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

தோபாயோ கணக்காளர்:
இருவருக்கும் நன்றி. பத்து விழுக்காடு கேட்டவருக்கு முடியாது என்று எழுதி, அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அறிக்கையை ஏற்பவர் யார் என்று நிதி வழங்கும் அமைப்பிடம் இன்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் விண்ணப்பம்.