கழுத்து வலிக்கு உடற்பயிற்சி: குணமாக்குமா, கூட்டுமா?

வெண்மேகம்:
எம்.ஆர்.ஐ.யில் கழுத்தெலும்புத் தேய்மானம், எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுக்கம் என்று வந்தவர்களுக்கும் பிசியோதெரபியில் கழுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. தேய்ந்ததை ஏன் மேலும் தேய்க்க வேண்டும்? ஓய்வு, கழுத்தில் மாட்டும் காலர் பட்டை, வெந்நீர் ஒத்தடம், இவ்வளவு போதாதா?

நிமிர்நடை:
அப்படி இல்லைங்க. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, முடிவை 2015இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு!

காலரை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால், ஐந்து கிலோவை ஒட்டிய தலையைத் தாங்கும் தசைகள் வேலையில்லாமல் மெலிந்துவிடும். மூன்று மாதம் தாண்டிய வலிக்கு ஓய்வு மருந்தே அல்ல. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 அலுவலகப் பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2003இல் வந்தது. கழுத்துத் தசைக்கு வலுவூட்டிய குழுக்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. வெறும் நீட்சிப் பயிற்சியும் ஏரோபிக்ஸும் செய்யச் சொன்ன குழுவுக்கு அந்த அளவு பலன் இல்லை.

கரையோரம்:
மறுபக்கத்தையும் சொல்லுங்கள் சார். வாகன விபத்தில் கழுத்து உதறி, வலி நாள்பட்டுப்போன 172 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிக்கு 20 அமர்வு பயிற்சி. மறுபாதிக்கு அரைமணி நேர ஆலோசனை, தேவைப்பட்டால் போனில் பேச்சு. வலி குறைந்ததில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. வலியோடு இருப்பவரை வாரக்கணக்கில் அலையவிடுவது என்ன நியாயம்?

நிமிர்நடை:
விபத்து வலியை எல்லாக் கழுத்து வலிக்கும் பொருத்த முடியாது. ஆனால் அலைச்சல் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சி. டென்மார்க்கில் ரப்பர் பட்டையை மிதித்துக்கொண்டு இரு கைகளையும் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை, நாளுக்கு 2 நிமிடம், 10 வாரம் செய்ததிலேயே வலி குறைந்தது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். மல்லாந்து படுங்கள். 'ஆமாம்' என்று சொல்வது போலத் தாடையை மெல்ல உள்ளே இழுங்கள். தலை தரையை விட்டு எழும்பக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் விரலை வையுங்கள். அங்கே தசை கயிறு போலப் புடைத்தால் மிகையாகச் செய்கிறீர்கள். 10 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். பத்து முறை வரை போகலாம்.

வெண்மேகம்:
செய்யும்போது வலி கூடினால்?

நிமிர்நடை:
மறுநாளைக்குள் தணியும் தசைவலி என்றால் பயப்பட வேண்டாம்; எண்ணிக்கையைக் குறைத்துத் தொடருங்கள். கைக்குள் மின்சாரம் பாய்வது போல இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ கதையே வேறு. பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

கரையோரம்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று: இந்தப் பயிற்சிதான் மற்றதைவிட மேல் என்று யாரும் உறுதியாக நிரூபித்ததில்லை. பேரைச் சொல்லி விற்கும் தனி முறைகளுக்குப் பணம் கட்டாதீர்கள் என்பதில் நான் பின்வாங்க மாட்டேன்.

வெண்மேகம்:
தாடைப் பயிற்சியைப் பிசியோ முன்னால் ஒருமுறை செய்து பார்க்கிறேன். காலரை இப்போதைக்குக் கழற்றுவதாக இல்லை.